குவேசாருக்கு ஒரு மின்குமிழ்

எனக்குத் தொழில் வெளிச்சம் போடுவது. அச்சுவேலிப் பக்கத்தில் கோயில் திருவிழா, கலியாண வீடு, பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி என்று எங்கே கூப்பிட்டாலும் வயர்களையும் குமிழ்களையும் லாண்ட்மாஸ்ரர் என்கிற சின்ன உழவு இயந்திரத்தின் பெட்டியில் ஏற்றிக்கொண்டு போய்விடுவேன். படித்தது பள்ளிக்கூடத்துச் சாதாரண தரச் சோதினை வரைக்கும் மட்டும். விஞ்ஞானப் பாடத்தில் ஒருமாதிரித் தப்பினேன் என்றுதான் சொல்ல வேண்டும். ஆகையால் இதை வாசிக்கிற பிள்ளைகள், நான் எழுதியிருப்பதில் பிழை ஏதும் கண்டால் உங்கள் விஞ்ஞான ரீச்சரிடம் கேட்டுத் திருத்திக்கொள்ளுங்கள். எனக்கு விளங்கின அளவுக்கு எழுதுகிறேன்.

என் மகள் தரம் ஒன்பதில் படித்த வருடம் அது. வலயமட்ட விஞ்ஞானக் கண்காட்சிக்கு அவளுடைய வகுப்பிலிருந்து ஒரேயொரு செயற்றிட்டம்தான் அனுப்பலாம் என்று ரீச்சர் சொல்லியிருந்தார். ஆளாளுக்கு ஒன்றைத் தெரிவு செய்தார்கள். பையன்கள் சிலர் சேர்ந்து சொட்டுநீர்ப் பாசனம் செய்தார்கள். வெண்டிக் கன்றும் தண்ணீர்ப் போத்தலும் வைத்து, பார்க்க வடிவான வேலை. என் மகள் ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து, சப்பாத்தைக் கழற்றுவதற்கு முன்னமே சொன்னாள்:

"அப்பா, நான் குவேசார் செய்யப் போறன்."

"உதென்ன, தின்னிற சாமானோ?"

"பகிடி விடாதேங்கோ. வானத்தில கனக்கத் தூரத்தில இருக்கிறது. அதை வைச்சுப் பிரபஞ்சம் எவ்வளவு பெரிசெண்டு அளக்கினம்."

அவளுடைய தாய் சமையலறைக்குள் இருந்து, "முதல்ல உன்ரை அறையை அளந்து கூட்டு. காலமை இருந்து குப்பையாக் கிடக்குது" என்றா.

நான் சிரித்தேன். ஆனால் அன்று பின்னேரம் அவள் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு எனக்கு விளங்கப்படுத்தத் தொடங்கியபோது, அது எனக்கும் நன்றாகத் தெரிந்த ஒரு சங்கடத்தைப் பற்றியது என்று கண்டுகொண்டேன்.

வல்வெட்டித்துறையில் ஒருமுறை கோயிலுக்கு வெளிச்சம் போடப் போயிருந்தோம். வேலை முடித்து, இருட்டுப்படுகிற மைமல் பொழுதில் கடற்கரையில் குந்தியிருந்தபோது, கடலில் ஒரு வெளிச்சம் தெரிந்தது. என்னோடு வேலை செய்கிற ஒருவர் அது கிட்ட நிற்கிற சின்ன வள்ளம் என்றார். மற்றவர் இல்லை, எட்டத்தில் போகிற பெரிய கப்பல் என்றார். இரண்டு பேரும் கதைத்துக் கதைத்துக் கோபப்படுகிற அளவுக்குப் போய்விட்டார்கள். நான் எத்தனையோ ஆயிரம் குமிழ் கட்டியவன். எனக்கும் சொல்லத் தெரியவில்லை. மங்கலான வெளிச்சம் ஒன்று தெரிந்தால், அது கிட்டத்தில் உள்ள பலம் குறைந்த லைற்றா, எட்டத்தில் உள்ள பலம் கூடின லைற்றா என்று வெறும் கண்ணால் சொல்ல முடியாது.

"அதேதான் அப்பா," என்றாள் மகள். "வானத்திலயும் அதுதான் பிரச்சினை. லைற்றின்ரை உண்மையான பலம் தெரிஞ்சால் தூரத்தைக் கண்டுபிடிக்கலாம். இரண்டு மடங்கு தூரம் போனால் வெளிச்சம் நாலில ஒரு பங்கு. மூண்டு மடங்கு போனால் ஒன்பதில ஒரு பங்கு. கணக்குச் செய்யச் சுகம். பலம்தான் தெரியாது."

பிறகு அவள் சொன்னதை நான் விளங்கிக்கொண்டபடி சொல்கிறேன். வெடிக்கிற ஒரு வகை நட்சத்திரங்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே பலத்தோடுதான் வெடிக்குமாம். அதனால் அவற்றை வைத்து விஞ்ஞானிகள் தூரம் அளக்கிறார்கள். ஆனால் அளவுக்கு மிஞ்சின தூரத்தில் அந்த வெடிப்பும் தெரியாமல் போய்விடும். அதற்கும் அப்பால் தெரிகிறவைதான் குவேசார்கள். பெரிய நட்சத்திரக் கூட்டம் ஒன்றின் நடுவில் மிகப் பாரமான கருந்துளை ஒன்று இருக்கும். அதற்குள் விழப்போகிற வாயு சுற்றிச் சுற்றிச் சூடேறி, அந்தக் கூட்டத்து நட்சத்திரங்கள் எல்லாவற்றையும் விடப் பிரகாசமாக எரியும். அதுதான் குவேசார்.

"அப்ப அதை வைச்சு அளக்க வேண்டியதுதானே," என்றேன்.

"அது எல்லாம் ஒரே பலம் இல்லை. ஒண்டு கூட, ஒண்டு குறைய. அதுக்கு ஒரு வழி கண்டுபிடிச்சிருக்கினம். குவேசாரில இருந்து இரண்டு விதமான கதிர் வருது. ஒண்டு கழியூதாக் கதிர், ஊதா நிறத்துக்கும் அப்பால உள்ளது. மற்றது எக்ஸ் கதிர். இரண்டுமே எங்கடை கண்ணுக்குத் தெரியாது, கருவியளாலதான் பாக்கிறது. பலம் கூடின குவேசாரில கழியூதா கூடுற அளவுக்கு எக்ஸ் கதிர் கூடாது. அதாலை, இரண்டுக்கும் உள்ள விகிதத்தைப் பாத்தால், அதின்ரை உண்மையான பலத்தைக் கண்டுபிடிக்கலாம்."

அவள் சொல்லி முடித்து என் முகத்தைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். உண்மையில் எனக்கு அரைவாசிதான் மண்டைக்குள் போனது.

அந்த நேரம் ஊருக்குள் எல்லாரும் தோட்டத்துக்கு மோட்டர் போட்டு இறைக்கத் தொடங்கியிருக்க வேண்டும். எங்கள் விறாந்தையில் தொங்கிய பழைய இழைக் குமிழ் மங்கிச் சிவந்து போனது. பின்னேரத்தில் கரண்ட் குறைகிறபோது அது வழக்கம். "உந்த லைற்றுக்கு இனி ஆயுள் முடிஞ்சுது, அப்பா," என்று சொல்ல வாயெடுத்தவள் அப்படியே நிறுத்திவிட்டாள். எழும்பி வந்து குமிழுக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தாள்.

"அப்பா, கரண்ட் குறைஞ்சால் இது மங்க மட்டும் இல்லை, நிறமும் மாறுதல்லோ?"

"ஓம். பலம் குறைஞ்சால் சிவக்கும், கூடினால் வெளுக்கும். இழைக் குமிழ் அப்பிடித்தான். எல்ஈடி உப்பிடி மாறாது."

"அப்ப நிறத்தைப் பாத்தால் எவ்வளவு பலத்தில எரியுதெண்டு சொல்லலாம். கிட்ட போகத் தேவையில்லை. எனக்கு இதுதான் குவேசார்!"

என்ன செய்வது, அன்றைக்கு எனக்கும் உசார் வந்துவிட்டது.

மறுநாள் அவள் ரீச்சரிடம் போய்ச் சொல்லியிருக்கிறாள். ரீச்சர் நல்லவர், ஆனால் வாயால் சொல்வதை நம்பமாட்டார். "கேக்க நல்லாத்தான் இருக்கு, பிள்ளை. ஆனால் கண்காட்சியில நிண்டு கதை சொல்லுறதெண்டால் ஆரும் சொல்லலாம். வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டாப்பிறகு மண்டபத்தில நான் நினைச்ச இடத்தில லைற்றை வைப்பன். நான் நினைச்ச அளவுக்குக் கூட்டிக் குறைப்பன். நீர் தூரம் சொல்லும். சரிவந்தால் உம்மடை செயற்றிட்டம் போகும். சரிவராட்டி சொட்டுநீர்தான்," என்று சொல்லிவிட்டார்.

அன்றிலிருந்து வீட்டில் வேறு கதை இல்லை. அவளுடைய சிநேகிதி ஒருத்தி, இரண்டு ஒழுங்கை தள்ளி இருப்பவள், இந்த வேலையில் பங்காளி. வாய் மட்டும் அவளுக்குக் காது வரைக்கும். பின்னேரங்களில் இரண்டு பேரும் நான் சாமான் வைக்கிற நீளக் கொட்டிலுக்குள் அடைந்து கிடந்தார்கள். யன்னல்களுக்குச் சாக்குக் கட்டி இருட்டாக்கிக் கொடுத்தேன்.

அவர்கள் செய்த கருவி சின்னது. நீங்களும் செய்து பார்க்கலாம். ஒரு மட்டையில் சதுரமாக ஓட்டை வெட்டி, அதில் வெள்ளைக் கடதாசி ஒட்டி, கடதாசியின் நடுவில் ஒரு சொட்டு நல்லெண்ணெய் விட்டார்கள். மட்டைக்கு அந்தப் பக்கம், என் பழைய சாமான்களுக்குள் கிடந்த, விறாந்தைக் குமிழை விடப் பலமான ஓர் இழைக் குமிழ். பார்ப்பவர் இருக்கிற இந்தப் பக்கம், எப்போதும் ஒரே அளவாக எரிகிற ஒரு சின்ன லைற். குமிழின் வெளிச்சம் கூடினால் எண்ணெய் பட்ட இடம் பளிச்சென்று தெரியும். சின்ன லைற்றின் வெளிச்சம் கூடினால் அதே இடம் கறுத்துத் தெரியும். இரண்டும் சமமானால் எண்ணெய் அடையாளம் இருந்த இடம் தெரியாமல் மறைந்துவிடும். சின்ன லைற்றை முன்னும் பின்னும் நகர்த்தி, அடையாளம் மறைகிற இடத்தில் அளவு நாடாவைப் பார்த்தால், எட்டத்தில் உள்ள குமிழின் வெளிச்சம் எவ்வளவு வந்து சேர்கிறது என்று கணக்குப் பார்க்கலாம்.

இதை அவர்கள் இரண்டு தரம் செய்தார்கள். ஒருமுறை சிவப்புக் கண்ணாடிக் கடதாசியைக் கண்ணுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு. அடுத்தமுறை நீலக் கண்ணாடிக் கடதாசி. திருவிழா லைற்றுகளுக்குச் சுற்றுகிற கடதாசி என்னிடம் சுருள் சுருளாகக் கிடந்தது. சிவப்பில் எவ்வளவு, நீலத்தில் எவ்வளவு என்று தெரிந்தால் விகிதம் கிடைக்கும். விகிதத்திலிருந்து குமிழ் எவ்வளவு பலத்தில் எரிகிறது என்று தெரியும். பிறகு தூரம்.

பலத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு பழைய மின்விசிறியின் றெகுலேற்றரைக் கழற்றிக் கொடுத்தேன். முதலில், தூரம் தெரிந்த இடத்தில் குமிழை வைத்து, ஒவ்வொரு அளவிலும் அளந்து ஒரு வரைபு கீறினார்கள். பிறகு சிநேகிதி குமிழைத் தன் விருப்பத்துக்கு வைத்துவிட்டு, றெகுலேற்றரைப் பாவாடையால் மறைத்துக்கொண்டு நிற்பாள். மகள் அளந்து தூரம் சொல்வாள். முதல் நாள் சொன்னதெல்லாம் தாறுமாறு.

"உன்ரை கணக்குப்படி இந்த லைற் கொட்டிலுக்கு வெளியில, கிணத்துக்குள்ள நிக்குதடி," என்றாள் சிநேகிதி.

அடுத்த நாள் கண் பழகிவிட்டது. இருபது அடியில் வைத்தால் பத்தொன்பது, இருபத்தொன்று என்று சொல்லத் தொடங்கினாள். நான் கொட்டில் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பிள்ளை குமிழுக்குக் கிட்டப் போகவில்லை. தொடவில்லை. இருந்த இடத்தில் இருந்துகொண்டு, இரண்டு நிறத்தைப் பார்த்து, அது எவ்வளவு எட்டத்தில் என்று சொல்லுகிறாள். எனக்கு மயிர் கூச்செறிந்தது என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள்.

புதன்கிழமை குமிழ் எரிந்து போனது. கூட்டிக் குறைத்து, கூட்டிக் குறைத்துப் பாவித்ததில் இழை அறுந்துவிட்டது. விறாந்தைக் குமிழ் வாற்று குறைந்தது, அது உதவாது. வியாழக்கிழமை காலையே மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டேன். அச்சுவேலிச் சந்தையடியில் எந்தக் கடையிலும் இல்லை. எல்லாம் எல்ஈடி. மானிப்பாய் வரைக்கும் போனேன். அங்கே ஒரு கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அண்ணை, கரண்ட் பில் ஏறட்டும் எண்டு நேர்த்திக்கடனோ? இழைக் குமிழ் ஆர் இப்ப வாங்கினம்?"

"பிள்ளையின்ரை படிப்புக்கு."

"படிப்புக்கோ? கோழிக்குஞ்சுக்குச் சூடு காட்ட எண்டு சொல்லுவியள் எண்டு நினைச்சன்." சொல்லிக்கொண்டே ஏணியில் ஏறி, மேல் தட்டின் மூலையிலிருந்து தூசு படிந்த பெட்டி ஒன்றை எடுத்துத் தந்தார். பழைய குமிழின் அதே வாற்று, அதே கொம்பனி. கண்ணாடி தெளிவாக, உள்ளே இழை தெரிகிற குமிழ். எனக்கு ஏதோ புதையல் கிடைத்த மாதிரி.

வீட்டுக்கு வந்ததும், புதிதாக வாங்குகிற எந்தச் சாமானுக்கும் செய்வது போல, அதைச் சாமித்தட்டில் வைத்தேன். எங்கள் தொழிலில் அது கட்டாயம். மிசின் என்றாலும் சரி, வயர்ச் சுருள் என்றாலும் சரி, சாமிக்கு முன்னால் வைத்து, சந்தனம் தொட்டு, குங்குமம் இட்டுத்தான் வேலைக்கு எடுப்போம். பொட்டு வைத்த பக்கம்தான் அந்தச் சாமானின் முகம். கோயிலில் கட்டும்போது அந்த முகம் சாமியைப் பார்க்க வேண்டும். குமிழ் நல்லது என்பதால் கொஞ்சம் தாராளமாகவே வைத்தேன். பிறகு கொட்டிலுக்குள் போய், ஹோல்டரில் மாட்டி, முகம் மகளுடைய மட்டைப் பக்கம் பார்க்கும்படி திருப்பிவிட்டு, தோட்டத்துப் பக்கம் ஒரு வேலைக்குப் போய்விட்டேன்.

நான் பின்னேரம் திரும்பி வந்தபோது கொட்டிலுக்குள் சத்தமே இல்லை. எட்டிப் பார்த்தேன். மகள் தரையில் சப்பணமிட்டு இருந்தாள். சிநேகிதி கூடப் பேசாமல் நின்றாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"என்ன நடந்தது?"

"பிழைச்சுப் போச்சு, அப்பா. புதுக் குமிழும் பழைய வரைபுக்குச் சரியா வருதோ எண்டு பாத்தனாங்கள். இருபது அடியில வைச்சால் பதின்மூண்டு காட்டுது. பத்தில வைச்சால் ஆறோ ஏழோ. எல்லாம் கிட்டவாத்தான் வருது."

"குமிழ் வேறையெல்லோ. அதாலையாக்கும்."

"அதே மாதிரிக் குமிழ்தானே அப்பா. அப்பிடியெண்டால் ஒரு குமிழுக்குச் செய்த கணக்கு இன்னொரு குமிழுக்குச் சரிவராதெண்டுதானே அர்த்தம்? அப்ப குவேசாருக்கு எப்பிடிச் சரிவரும்?" அவள் வரைபுத் தாளை மடித்தாள். "நாளைக்கு ரீச்சரிட்டைச் சொல்லிப்போடுறன். சொட்டுநீர் போகட்டும்."

கரண்டைப் பார்த்தேன், வயரைப் பார்த்தேன், றெகுலேற்றரைத் திறந்து பார்த்தேன். ஒரு பிழையும் இல்லை. அந்த நேரம் அவளுடைய தாய் தேத்தண்ணி கொண்டு கொட்டிலுக்குள் வந்தா. வாசலிலேயே நின்று மோந்து பார்த்தா.

"என்ன இஞ்ச கோயில் வாசம் வருது? ஆர் சந்தனம் கருக்கினது?"

மகள் எழும்பினாள். குமிழை நிறுத்திவிட்டு, அது ஆறும் வரைக்கும் பொறுக்காமல், துணியால் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். சந்தனம் காய்ந்து கபில நிறமாகி, குங்குமத்தோடு சேர்ந்து கண்ணாடியில் ஒட்டிப் போய், இழைக்கு நேர் முன்னால் நின்றது. இருட்டுக்குள் எரிகிற குமிழில் கண் கூசியதால் அதை ஒருவரும் கவனிக்கவில்லை.

"அப்பா!"

"வழமையா வைக்கிறதுதானே, பிள்ளை..."

சிநேகிதிக்கு உயிர் வந்துவிட்டது. "அங்கிள், குவேசாருக்குப் பொட்டு வைச்சீங்களோ? பூவும் வைச்சிருக்கலாமே, சடையில்லாமல் போச்சு!"

தாய் சிரித்து, சிநேகிதி சிரித்து, நானும் சிரித்து முடிந்த பிறகும் மகள் மட்டும் குமிழையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்மேல் கோபமோ என்று நினைத்தேன். இல்லை. அவள் யோசித்துக்கொண்டிருந்தாள்.

"சந்தனமும் குங்குமமும் நீலத்தைக் கூட மறைக்குது. சிவப்பை அவ்வளவு மறைக்கேல்லை. அதாலை எனக்கு வெளிச்சம் சிவப்பாத் தெரிஞ்சுது. சிவப்பாத் தெரிஞ்சதால இது பலம் குறைஞ்ச லைற் எண்டு நினைச்சன். பலம் குறைஞ்சதெண்டால் கிட்டத்தானே நிக்க வேணும்? அதுதான் எல்லாம் கிட்டவா வந்திருக்கு."

"அப்ப துடைச்சால் சரி," என்றேன்.

"துடைச்சால் இது சரி. ஆனால் அம்மாவுக்கு மணந்தபடியால்தான் பிழை தெரிஞ்சுது. குவேசாரை ஆரும் மணந்து பாக்கேலாதே, அப்பா. அதுக்கு முன்னாலயும் தூசி, வாயு எல்லாம் நிக்குமாம். விஞ்ஞானியள் என்ன செய்யினம்?"

என்னிடம் கேட்டு என்ன பயன்? போனை எடுத்துத் தேடினாள். நான் வெளியே போய்க் கால் கழுவிவிட்டு வருவதற்கிடையில் விடையோடு இருந்தாள். தூசி மறைக்கிற குவேசார்களை விஞ்ஞானிகள் முதலிலேயே தெரிந்தெடுத்து ஒதுக்கிவிடுவார்களாம். ஒன்றிரண்டு நிறத்தை மட்டும் பார்க்காமல், பல நிறத்திலும் பார்த்து, ஒன்றோடொன்று ஒத்துவராததை விலக்குவார்களாம். அப்படி விலக்கின பிறகும் ஒரு குவேசாரை மட்டும் நம்ப மாட்டார்களாம். ஒன்று கொஞ்சம் கூட்டிச் சொல்லும், ஒன்று குறைத்துச் சொல்லும். கனக்கக் குவேசார்களைச் சேர்த்துப் பார்த்துத்தான் முடிவு சொல்வார்களாம். இந்த முறையை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று அவர்களுக்குள்ளேயே இன்னும் விவாதம் நடக்கிறதாம்.

"அப்ப எனக்குப் பச்சையும் வேணும்," என்றாள்.

பச்சைச் சுருளை எடுத்துக் கொடுத்தேன். அவள் செய்த கெட்டித்தனம் என்னவென்றால், குமிழை உடனே துடைக்க விடவில்லை. சந்தனத்தோடேயே முதலில் மூன்று நிறத்திலும் அளந்து எண்களை எழுதி வைத்தாள். பிறகு துடைத்து, தெரிந்த தூரத்தில் வைத்துப் பச்சைக்கும் ஒரு வரைபு கீறினாள். சந்தனத்தோடு எடுத்த எண்களில், சிவப்பையும் நீலத்தையும் வைத்துப் பார்த்தால் ஒரு பலம் வந்தது. சிவப்பையும் பச்சையையும் வைத்துப் பார்த்தால் வேறொரு பலம் வந்தது. துடைத்த குமிழை மறுபடி அளந்தாள். இரண்டு வழியாலும் ஒரே பலம். இருபது அடியில் வைத்த குமிழ் இருபது அடிக்கு அண்மையில் வந்து நின்றது.

"மூண்டும் ஒத்துப் போனால் தூரம் சொல்லலாம்," என்றாள். "ஒத்துப் போகாட்டி?" என்று சிநேகிதி கேட்டாள். அவள் பச்சைக் கடதாசியில் ஒரு துண்டு வெட்டித் தன் பைக்குள் வைத்தாள்.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் மண்டபத்து யன்னல்களுக்கு நான்தான் கறுப்புச் சீலை கட்டினேன். குமிழை மாட்டிக் கொடுத்தேன். உள்ளே நின்று பார்க்கலாம் என்று ஒரு மூலையில் ஒதுங்கினேன். ரீச்சர் என்னைக் கண்டுவிட்டார்.

"அப்பா வெளியில நிக்கட்டும். பிள்ளைக்குக் கண்ணைக் காட்டிப்போடுவியள்."

"ஓம் ரீச்சர்," என்று சொல்லிக்கொண்டு வெளியே வந்து, சைக்கிள் விடுகிற இடத்தில், யன்னலுக்குக் கீழே நின்றேன். நானே கட்டின சீலை. ஓர் ஊசி முனை அளவு கூட உள்ளே தெரியவில்லை. சத்தம் மட்டும் கேட்டது.

முதல்முறை. மேசை இழுபடுகிற சத்தம். சிநேகிதி எண்களைச் சொல்கிற சத்தம். பிறகு மகளுடைய குரல்.

"இருபத்திரண்டு அடி, ரீச்சர். கூடினால் இருபத்துநாலு. குறைஞ்சால் இருபது."

அளவு நாடாவை இழுக்கிறார்கள். "இருபத்தொண்டரை," என்றார் ரீச்சர்.

"உது லொத்தர்ச் சீட்டு விழுந்த மாதிரி, ரீச்சர்!" என்று ஒரு பையனின் குரல். சொட்டுநீர்க் கூட்டமும் உள்ளே நின்றது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"சரி, அப்ப இன்னொருக்கால் பாப்பம். எல்லாரும் சுவர்ப் பக்கம் திரும்புங்கோ," என்றார் ரீச்சர்.

இரண்டாம் முறை. இந்த முறை ரீச்சர் லைற்றடியில் கனநேரம் நின்றிருக்க வேண்டும். ஏதோ சரசரத்தது. பிறகு மகள் அளக்கத் தொடங்கினாள். சிவப்பு. நீலம். பச்சை. மறுபடியும் நீலம். மறுபடியும் பச்சை.

"சொல்லடி," என்று சிநேகிதி குசுகுசுத்தாள். அவள் குசுகுசுத்தால் ஒழுங்கை முடிவு வரைக்கும் கேட்கும்.

"ரீச்சர், இதுக்கு நான் தூரம் சொல்ல மாட்டன்."

பையன்கள் சிரித்தார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"ஏன் சொல்ல மாட்டீர்?"

"நீலம் ஒரு பலம் சொல்லுது. பச்சை வேறை ஒண்டு சொல்லுது. இரண்டு தரம் பாத்திட்டன். லைற்றுக்கு முன்னால ஏதோ நிக்குது. அதை எடுத்தால் அளந்து சொல்லுவன்."

"முன்னால ஒண்டும் இல்லையெண்டு நான் சொன்னால்?"

"அப்பவும் சொல்ல மாட்டன், ரீச்சர்."

"அப்ப தெரியாதெண்டு எழுதட்டோ?"

"ஓம். தெரியாதெண்டு எழுதுங்கோ."

எனக்கு உள்ளே ஓடிப்போய், "பிள்ளை, ஏதாவது ஒரு எண்ணைச் சொல்லு" என்று கத்த வேண்டும் போல இருந்தது. ஒரு எண். பதினைந்து, பதினெட்டு, என்னவாவது. ஒரு கிழமை உழைப்பு, மானிப்பாய் ஓட்டம், எல்லாம் ஒரு எண்ணில் நிற்கிறது. அதைச் சொல்ல மாட்டேன் என்று நிற்கிறாளே. கையை யன்னல் கம்பியில் வைத்தவன் அப்படியே நின்றேன்.

உள்ளே ரீச்சர் நடந்து போகிற சத்தம் கேட்டது. மறுபடியும் அதே சரசரப்பு. பிறகு பிள்ளைகள் எல்லாரும் ஒன்றாக "ஆ!" என்றார்கள்.

"மஞ்சள் கண்ணாடிக் கடதாசி," என்றார் ரீச்சர். "குமிழுக்கு முன்னால மெல்லிசாச் சுத்தி வைச்சனான். இப்ப அளவும்."

அளந்தாள். பதினேழு என்றாள், பதினைந்துக்கும் பத்தொன்பதுக்கும் இடையில். நாடா பதினாறு காட்டியது. அதைப் பற்றி யாரும் பெரிதாகக் கதைக்கவில்லை.

"தம்பிமார், உங்கடை வேலை நல்லம். அடுத்த வருடம் இதைவிட வடிவாச் செய்து கொண்டு வாங்கோ," என்று ரீச்சர் சொல்வது கேட்டது. "பிள்ளை, உம்மடை பேரைத்தான் அனுப்பப் போறன். ஆனால் வலயத்தில ஐஞ்சு நிமிசம்தான் தருவினம். நீர் கருந்துளையில தொடங்கினால் பொழுது பட்டிடும். எதைக் குறைக்கிறதெண்டு யோசிச்சுக்கொண்டு திங்கள் வாரும்."

மண்டபக் கதவு திறந்தது. முதலில் பாய்ந்து வந்தவள் சிநேகிதி. "அங்கிள், வெண்டிட்டம்! உங்கடை மகள் தெரியாதெண்டு சொல்லி வெண்டிட்டாள். நான் சோதினையில எத்தினை தரம் தெரியாதெண்டு எழுதினனான், எனக்கொருத்தரும் ஒண்டும் தரேல்லை!"

மகள் பின்னால் மெல்ல வந்தாள். முகம் வெளிறியிருந்தது. குமிழைத் துணியில் சுற்றி, தன் பைக்குள் தானே வைத்துக்கொண்டாள். சீலைகளைக் கழற்றி மடிக்க ஒரு பக்கத்தைப் பிடித்தாள். மற்றப் பக்கத்தை நான் பிடித்தேன்.

மோட்டார் சைக்கிளில் பின்னால் இருந்து வந்தாள். சந்தியடிக்கு வந்ததும் என் தோளில் தட்டினாள்.

"அப்பா, உங்களிட்டை ஊதாக் கண்ணாடிக் கடதாசி இருக்கோ?"

"இல்லை. ஆர் கோயிலுக்கு ஊதாக் கேக்கினம்? ஏன்?"

"மஞ்சளைப் பிடிச்சிட்டன். ஆனால் வேறை ஏதும் வைச்சிருந்தால் மூண்டு நிறமும் ஒத்துப் போயிருக்கவும் கூடும். எனக்கு அது நிச்சயமாத் தெரியேல்லை. இன்னொரு நிறத்தாலையும் பாத்தால் நல்லம்."

சந்தியடியில் கண்ணாடிக் கடதாசி விற்கிற கடை இன்னும் பூட்டவில்லை. நான் மோட்டார் சைக்கிளை ஓரமாக நிறுத்தினேன்.